குடை பிடித்த வண்ணத்துப்பூச்சிகள்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். 'பிக் மேட்ச்' என்ற பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டி பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கள்ளக் கணக்கு எழுதிப் பிடிபட்ட கதையைச் சொல்கிறேன்.

உயர்தர வகுப்பில் விலங்கியல் சேர் எங்களைக் கிழமைக்கு ஒரு நாள் குளக்கரைக்குத் துரத்துவார். தும்பி, ஊசித்தும்பி, வண்ணத்துப்பூச்சி எத்தனை என்று எண்ணி வர வேண்டும். இருக்கும்போது இறக்கையை விரித்து வைத்தால் தும்பி, முதுகின் மேல் சேர்த்து மடித்தால் அநேகமாக ஊசித்தும்பி. பாடம் இவ்வளவுதான். அதுவரை தும்பி என்றால் எங்களுக்கு வாலில் நூல் கட்டிக் குறுணிக்கல் தூக்க வைக்கும் விளையாட்டுச் சாமான்.

ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை. முந்தின கிழமைக் கணக்கில் ஒன்றிரண்டை மாற்றி, வண்ணத்துப்பூச்சி 14 என்று எழுதிக் கொடுத்தேன். சேர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேற்றுப் பின்னேரம் முழுக்க மழை. பதினாலும் குடை பிடிச்சுக்கொண்டோ பறந்தது?"

வகுப்பே சிரித்தது. அடி விழவில்லை. "பூச்சி இல்லையெண்டால் பூச்சியம் எண்டு எழுது" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார்.

இப்போது லண்டனில், வீட்டுக்குக் கிட்டவுள்ள பூங்காவில் அதே வேலைதான். 1976 இலிருந்து இந்த நாட்டில் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முடிய 26 கிழமை, ஒரே பாதை. இரு பக்கமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர். அதற்குள் வருவதுதான் கணக்கு. 13 பாகைக்குக் கீழே என்றால் நடக்கவே கூடாது, 17 பாகை வரை வெயிலும் எறிக்க வேண்டும். மழைக்கு விடுமுறை! இதை எழுதியவர் எங்கள் சேரிடம் படித்திருப்பாரோ என்று நினைத்தேன்.

தும்பிக்கு மட்டும் நான் குளத்தடியில் கூட நேரம் நிற்பேன். ஜூன் மாதம் நாணலில் அது கழற்றிப்போட்ட சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகு பிளந்து, உள்ளிருந்து வெள்ளை நூல்கள் தொங்கும்; அவை மூச்சுக்குழாய்களின் உட்தோல். பறக்கிற தும்பி எங்கிருந்தும் வந்திருக்கலாம். சட்டை கிடந்தால் இந்தக் குளத்திலேயே வளர்ந்தது. முதன்முதலில் அந்த நூலைக் கண்டபோது கை கூசியது.

போன செப்டம்பர் கடைசிக் கிழமை நல்ல வெயில், ஆனால் ஒன்றையும் காணவில்லை. ஒன்றாவது வருமென்று முட்செடியடியில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அப்படி நிற்கவும் கூடாதாம். சரி, 0 என்று எழுதிவிட்டு வந்தேன்.