சின்டாக்டிக் ஃபோம் ப்ராஜெக்ட்: முதலில் தராசு, அப்புறம் மெஷின்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு சின்டாக்டிக் ஃபோம் எடுத்திருக்கும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கம்ப்ரெஷன் டெஸ்டுக்கு, அதாவது அழுத்தி வலிமை பார்க்கும் சோதனைக்கு, எந்த லேபுக்குப் போகலாம் என்பதைத்தான். அதற்கு முன் நல்ல தராசு ஒன்றைப் பிடியுங்கள் என்பேன். அடர்த்தி தெரியாமல் இந்தப் பொருளின் வலிமையைப் பேசவே முடியாது.

எபாக்ஸி ரெசினில் (ஹார்டனர் சேர்த்தால் இறுகும் பிசின்) உள்ளீடற்ற நுண்கண்ணாடி உருண்டைகளைக் கலந்து இறுக வைப்பதுதான் சின்டாக்டிக் ஃபோம். அந்த உருண்டைகளை லேபில் மைக்ரோபலூன் என்போம். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும், எடையில் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில்.

பலூனின் அளவைக் கன அளவு சதவீதத்தில் பேசுவோம், ஆனால் கலக்கும்போது நிறுத்துத்தான் போடுவோம். ரெசினின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.15 கிராம், பலூனின் அடர்த்தி 0.22 கிராம் என்று வையுங்கள். 40 சதவீதக் கலவையின் அடர்த்தி 0.6 × 1.15 + 0.4 × 0.22, அதாவது சுமார் 0.78. இதில் பலூனின் பங்கு எடையில் 11 சதவீதம்தான். 100 கிராம் கலவைக்கு வெறும் 11 கிராம் பொடி, ஆனால் கோப்பை நிரம்பி வழியும். அது பறக்கும் பொடி. மாஸ்க் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கலக்கும்போது மரக்குச்சியால் மெதுவாகக் கிளறுங்கள். வேகமான ஸ்டிரர் போட்டால் பலூன் உடையும், காற்றும் உள்ளே போகும். பலூன் குறைவாக உள்ள கலவையில் இன்னொரு தொல்லை உண்டு: ரெசின் இறுகும் முன்பே பலூன்கள் மேலே மிதந்துவிடும். வார்த்த கட்டியின் மேல்பகுதியிலும் அடிப்பகுதியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, இரண்டின் அடர்த்தியையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அவை ஒத்துவராவிட்டால் அந்தக் கட்டியை டெஸ்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. அளந்த அடர்த்தி கணக்கிட்ட அடர்த்தியோடு அச்சாகப் பொருந்தினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். சிக்கிய காற்று அடர்த்தியைக் குறைக்கும். உடைந்த பலூனின் இடத்தில் ரெசின் புகுந்து அதைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, எண் மட்டும் அழகாக இருக்கும். அதனால் கலக்கும் முன்பே கொஞ்சம் பலூனைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூழ்குபவை உடைந்தவை. டெஸ்டுக்கு முன் வெட்டிய முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.

கம்ப்ரெஷன் வரைபடம் முதலில் நேர்கோடாக ஏறி உச்சம் தொடும், பிறகு சற்று இறங்கும், அப்புறம் நீண்ட சமதளம். அந்தச் சமதளத்தில்தான் பலூன்கள் வரிசையாக நொறுங்கி ஆற்றலை உள்வாங்குகின்றன. இழுவிசை டெஸ்டில் இந்தச் சமதளம் வராது. பலூனும் ரெசினும் ஒட்டிய இடம் விட்டுப்போய் சட்டென்று முறியும். பலூன் கூடக்கூட இழுவிசை வலிமை குறைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பலூனின் சுவர்த் தடிமனையும் கவனியுங்கள். மெல்லிய சுவர் பலூனைக் கூட்டினால் விறைப்பு குறையும். தடித்த சுவர் பலூனைக் கூட்டினால் விறைப்பு கூடவும் செய்யலாம். ஆகவே எந்த முடிவையும் அடர்த்தியால் வகுத்து ஒப்பிடுங்கள். மெகாபாஸ்கலில் வரும் வலிமை எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஃபோமை எடைபோட முடியாது.

வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி: 3எம் நிறுவனத்தின் எஸ்22 பலூனின் நொறுங்கும் அழுத்தம் 400 பிஎஸ்ஐ, அதாவது 2.8 மெகாபாஸ்கல்தான். அதைப் போட்ட ஃபோம் பல மடங்கு தாங்குவது எப்படி? சுற்றியுள்ள எபாக்ஸி சுமையின் பெரும்பங்கை ஏற்பதோடு, பலூன் சுவரையும் எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்கிறது. இதைச் சொன்னால், இந்த ஃபோம் ஆழ்கடல் கருவிகளிலும் பயன்படுவதால், அடுத்த கேள்வி கடலுக்குப் போகும். 6000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 60 மெகாபாஸ்கல், அதுவும் எல்லாத் திசையிலிருந்தும், மணிக்கணக்காக. அங்கே உங்கள் ஒற்றைத் திசை டெஸ்ட் எண்ணை நேராகப் பொருத்த முடியாது. நீரால் எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்க்கும் சோதனையும் நீர் உறிஞ்சும் அளவும் தனியாக வேண்டும் என்று சொல்லுங்கள்.