ஒரு ஓசிக் குடை

நேற்று சாயங்காலம் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவுத் தோணிக்கு வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வ.உ.சி. ஞாபகம்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. அப்புறம் பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் பயணமே இலவசம் என்றார்கள், கூடவே ஒரு குடை!

அந்தக் குடையை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. கூலி வேலைக்குக் கொழும்பு போகிறவருக்கு அது பெரிய விஷயம். அவரை எப்படிக் குறை சொல்வது?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சனதும் இல்லை.