நிழல் கட்டைக்கும் நேரம் வேண்டும்

முடுக்கியில் இரும்பு போன்ற கன அணுக்கருக்களைப் பாய்ச்சிச் செய்யும் கன அயனிக் கற்றை ஆய்வு என்றதும் எல்லாரும் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. பாலிஎத்திலீன் பாளத்தைத் துளைத்து வந்த இரும்பு அயனிகளுக்கு உயர்ந்த சிகரம். அதன் இடப்பக்கம் மாங்கனீசு, குரோமியம், வனேடியம் என மின்னூட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும் சிறு சிகரங்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால், அண்டக் கதிர்வீச்சைத் தடுக்க விண்கலத்தின் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்ற கேள்விக்கு அது பாதி விடைதான். மீதி நியூட்ரானிடம் இருக்கிறது.

அண்டக் கதிர்த் துகள்களில் சுமார் 87 சதவீதம் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம். கன அணுக்கருக்கள் ஒரு சதவீதம்தான். ஆயினும், ஒரே வேகத்தில் செல்லும் துகள்களில் எது திசுவில் எவ்வளவு ஆற்றலை இறக்குகிறது என்பது மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்புக்கு 26, ஆக, புரோட்டானைப்போல் 676 மடங்கு. அதைச் சுவரில் மோதவைத்து உடைத்துவிடுவது நல்லதுதான். உடைந்த துண்டுகள் ஏறக்குறைய அதே வேகத்தில் முன்னே ஓடுகின்றன. சுவரின் சொந்த அணுக்கருக்களும் உடைந்து, நான்கு பக்கமும் நியூட்ரான்களை உமிழ்கின்றன. தடிமன் கூடக்கூட இரும்பு குறைகிறது, நியூட்ரான் பெருகுகிறது. அலுமினியத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம், அதாவது ஏழரை சென்டிமீட்டர் அளவைத் தாண்டினால் உள்ளே இருப்பவர்களுக்கான கதிர்வீச்சுப் பாதிப்பு மீண்டும் ஏறக்கூடும் என்று கணிப்புகள் காட்டியிருக்கின்றன. அந்த ஏற்றம் எவ்வளவு என்பதில் கணினி நிரல்கள் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் அளக்கிறோம்.

மின்னூட்டமற்ற நியூட்ரானைப் பறக்கும் நேரத்தைக் கொண்டு பிடிக்கிறோம். கற்றை மோதும் பாளமான இலக்குக்கு முன்னுள்ள, துகள் பட்டால் ஒளிரும் மெல்லிய பிளாஸ்டிக் சிந்திலேட்டர் கடிகாரத்தைத் தொடங்கிவைக்கும். சில மீட்டர் தள்ளி, பல கோணங்களில் நிற்கும் திரவ சிந்திலேட்டர்கள் அதை நிறுத்தும். காமாவா நியூட்ரானா என்பதை ஒளித்துடிப்பின் வால் சொல்லிவிடும். நியூட்ரானுக்கு வால் கனமாக இருக்கும். மூன்று மீட்டரைக் காமா 10 நானோவினாடியில் கடக்கும். ஆயிரம் மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானுக்குச் சுமார் 11.4. இந்த ஒன்றரை நானோவினாடிகூட இல்லாத இடைவெளிக்குள் ஆற்றலைத் துல்லியமாகச் சொல் என்று கேட்பவர்களிடம், உணர்கருவியை இன்னும் தள்ளி வைக்க இடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் உண்மையான தலைவலி கான்கிரீட். தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் நியூட்ரான் தாமதமாக வரும். தாமதமாக வருவதால் குறைந்த ஆற்றல் கொண்டதுபோல் வேடமிடும். இதைப் பிரித்தறிய, இலக்குக்கும் உணர்கருவிக்கும் நடுவே கனத்த இரும்புக் கட்டை ஒன்றை நிறுத்தி, நேர்வழியை மறைத்துவிட்டு மறுபடி அளக்கிறோம். இதுதான் நிழல் கட்டை. அப்போதும் வந்து சேர்வது அறையின் பின்னணி. அதைக் கழிக்க வேண்டும். ஒரு கட்டை பக்கத்து உணர்கருவியின் பின்னணியையும் மாற்றிவிடும் என்பதால், எல்லாக் கோணங்களுக்கும் ஒரே நேரத்தில் வைக்கவும் முடியாது.

முடுக்கியின் கற்றை நேரத்தை ஆய்வுக் குழுக்களுக்குப் பங்கிடும் கூட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கட்டை அளவீடுதான். நியூட்ரானை மறைத்து வைத்து அளப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்பார்கள். கற்றை செல்லும் திசையை ஒட்டிய முன்கோணங்களில் விட்டுக்கொடுக்க நான் தயார். அங்கே நேரடி நியூட்ரான் அவ்வளவு அதிகம். 90 பாகைக்கு அப்பால் மாட்டேன். நிரல்கள் தடுமாறுவதும் அங்கேதான், பின்னணியின் பங்கு ஓங்குவதும் அங்கேதான். அடுத்த விண்ணப்பத்தில் பின்கோணங்களுக்குக் கட்டையோடு பாதி, கட்டையின்றிப் பாதி என்றே எழுதியிருக்கிறேன். வெட்டுவதானால் இலக்குகளில் ஒன்றை வெட்டட்டும்.