எம்ஏ டீசால்: ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் 436 ரூபாயும்

போன வாரம் யூகே விசா வந்துருச்சு. செப்டம்பர் 2025 இன்டேக், எம்ஏ டீசால், இங்கிலிஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு அத எப்படி சொல்லிக்குடுக்கறதுன்னு படிக்கற ஒரு வருஷ கோர்ஸ். மெயில பாத்ததும் அம்மா கையப் புடிச்சுட்டு அழுதுட்டேன், ஏன்னா ஜூன் மாசமே இந்த வருஷம் அவ்வளவுதான்னு மனச தேத்திக்கிட்டேன். ஐஎல்ட்ஸ், அப்ளிகேஷன், டிபி டெஸ்ட், பயோமெட்ரிக் எல்லாம் சிக்கல் இல்லாம முடிஞ்சுது. என்ன அலையவிட்டது ஸ்கூல் லெட்டரும் பேங்க் பேலன்ஸும்தான்.

மொதல்ல லெட்டர். நான் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல நாலு வருஷம் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் இங்கிலிஷ் எடுத்தேன். சில டீசால் கோர்ஸ் புதுசா வர்றவங்களுக்கு, சிலது ஏற்கனவே பாடம் எடுத்தவங்களுக்கு மட்டும், நான் ஆசப்பட்டது ரெண்டாவது வகை. ஆஃபர்லயே ரெண்டு வருஷ அனுபவத்துக்கு ப்ரூஃப் குடுக்கணும்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. எங்க ஸ்கூல்ல சேரும்போதே டிகிரி, பிஎட் ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி பீரோல வச்சுப் பூட்டிருவாங்க. தனியார் ஸ்கூல்ல வேலை பாத்தவங்களுக்கு இது தெரியும்.

மார்ச்ல போய் கேட்டா ஆபீஸ் அண்ணன் "கரஸ்பாண்டென்ட் சார் ஊர்ல இல்ல மிஸ், திங்கக்கிழமை பாருங்க"ன்னார். திங்கக்கிழமை சார் இருந்தாரு, ஆனா "வெளிநாடு போறேன்னு நீங்க கெளம்பிட்டா எட்டாவதுக்கு யாரும்மா பாடம் எடுக்கறது, பரீட்ச முடியட்டும் பாப்போம்"னு அனுப்பிட்டாரு. நான் ஏப்ரல் கடைசி வரைக்கும் இருக்கேன்னு எழுதியே குடுத்திருந்தேன். மூணாவது தடவ போனப்ப ஒரு லெட்டர் கையில குடுத்தாங்க. அதுல என் பேரு, "ஷீ இஸ் வொர்க்கிங் இன் அவர் ஸ்கூல் ஆஸ் எ டீச்சர், ஹெர் கான்டக்ட் இஸ் குட்" (நடத்தை நல்லா இருக்காம்), கீழ சீல். அவ்வளவுதான். எப்ப சேர்ந்தேன், என்ன பாடம், எந்த வகுப்பு ஒண்ணும் இல்ல. நாலு வருஷம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நோட்டு திருத்துனதுக்கு இந்த ஒரு வரிதானான்னு பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து ரொம்ப நேரம் அத பாத்துட்டே இருந்தேன்.

யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன், ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. சேர்ந்த தேதி, விலகற தேதி, வாரத்துக்கு எத்தன மணி நேரம், பிள்ளைங்க வயசு, கையெழுத்து போட்டவரோட பதவி, தொடர்பு விவரம் எல்லாம் வேணுமாம். இந்த தடவ நானே டைப் பண்ணி ரெண்டு காப்பி எடுத்துட்டு, கரஸ்பாண்டென்ட்கிட்ட போகாம நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ரூமுக்குப் போனேன். மேடம் முழுசா படிச்சாங்க, வாரத்துக்கு 28 பீரியடுன்னு இருந்தத டைம் டேபிள எடுத்துப் பாத்து 30ன்னு பேனாவால திருத்தி, "புதுசா பிரின்ட் எடுத்துட்டு வா, அடிச்சுத் திருத்துனா அவங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்லி, சாயங்காலம் நாலு மணிக்கு கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. ஒரிஜினல்ஸும் அன்னைக்கே வாங்கிக் குடுத்துட்டாங்க. அவங்கள நான் மறக்க மாட்டேன். அதனால சொல்றேன், லெட்டர நீங்களே எழுதி எடுத்துட்டுப் போங்க, வேலைய விடறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க. ரெஃபரன்ஸுக்கு ஸ்கூலோட ஜிமெயில் ஐடிய குடுத்தேன், அதையும் ஏத்துக்கல, கடைசில எம்ஏ படிச்ச காலேஜ் ப்ரொஃபஸரோட காலேஜ் மெயில் ஐடி இருந்ததால தப்பிச்சேன்.

அடுத்தது காசு. விசாவுக்கு கையில செலவுக் காசு இருக்குன்னு காட்டணும். நான் அப்ளை பண்ண 2025ல லண்டனுக்கு வெளிய படிச்சா மாசத்துக்கு 1,136 பவுண்டு, ஒன்பது மாசத்துக்கு 10,224, அதோட கட்ட வேண்டிய மிச்ச பீஸ், மொத்தமும் அக்கவுண்ட்ல தொடர்ந்து 28 நாள் இருக்கணும், ஒரு நாள் கூட அதுக்கு கீழ இறங்கக்கூடாது. அப்பா அக்கவுண்ட காட்டலாம், ஆனா அதுக்கு அப்பாவோட சம்மத லெட்டரும் என் பர்த் சர்டிஃபிகேட்டும் வேணும். எடுத்துப் பாத்தா என் சர்டிஃபிகேட்ல பேரே இல்ல, பெண் குழந்தைன்னு மட்டும் இருக்கு. அத சேர்க்க நகராட்சிக்கு அலையற நேரத்துல காசையே என் அக்கவுண்ட்டுக்கு மாத்திரலாம்னு அப்பா சொன்னாரு, மே 5ஆம் தேதி போட்டோம். தேவைக்கு மேல 300 ரூபாதான் இருந்துச்சு, அதுதான் நான் பண்ண தப்பு.

ஜூன் 3 ஸ்டேட்மென்ட் வாங்க பேங்க் போனா, மே 30, அதாவது 26வது நாள், 436 ரூபா டெபிட். மத்திய அரசோட ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டு பிரீமியம், வருஷா வருஷம் மே கடைசில தானா எடுத்துக்குமாம். அக்கவுண்ட் ஓபன் பண்ணும்போது நீட்டுன ஃபார்ம்ல எல்லாம் கையெழுத்து போட்டேன், அதுல இதுவும் இருந்திருக்கு, யாரும் எடுத்துச் சொல்லல. கவுண்டர்ல இருந்த சார் "436 ரூபாதானேம்மா, இதையெல்லாம் யார் பாக்கப்போறா"ன்னாரு. பாப்பாங்க சார், இத வச்சே ரிஜெக்ட் பண்ணுவாங்க. 28 நாள் கணக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து. சித்தப்பா ஒரு லட்சம் கைமாத்தா குடுத்தாரு, ஜூன் 9 போட்டு, ஜூலை 6 வரைக்கும் அந்த அக்கவுண்ட்ல டீ குடிக்கக் கூட காசு எடுக்கல, 8ஆம் தேதி அப்ளை பண்ணேன். அந்த ஒரு லட்சம் இல்லேன்னா இன்னொரு விதத்துலயும் மாட்டியிருப்பேன், ஏன்னா பவுண்டு ரேட்ட அவங்க பாக்கறது நாம அப்ளை பண்ற நாள்ல, நாம காசு போட்ட நாள்ல இல்ல. விசா பீஸும் (2025ல நான் கட்டினது 524 பவுண்டு), அங்க மருத்துவ வசதிக்காக கட்டற ஹெல்த் சர்சார்ஜும் (எனக்கு 1,164 பவுண்டு) தனி, அத இந்த காசுல சேர்த்து கணக்கு போடாதீங்க. பேங்க்ல எஜுகேஷன் லோன் சேங்ஷன் ஆனவங்களுக்கு இந்த 28 நாள் தொல்லையே இல்ல, ஆறு மாசத்துக்குள்ள தேதி போட்ட லோன் லெட்டர் போதும்.

எஸ்ஓபி, அதாவது ஏன் இந்த கோர்ஸ் படிக்கணும்னு அப்ளிகேஷனோட எழுதிக் குடுக்கற கட்டுரை, அத பத்தி நெறைய பேர் கேட்டீங்க. மொதல்ல எழுதினது சின்ன வயசுல இருந்தே இங்கிலிஷ்னா உயிர்னு ஆரம்பிச்சுது, அத கிழிச்சுப் போட்டுட்டு என் ஏழாவது வகுப்பு பையன் ஒருத்தன் நோட்டுல இருந்து ஆரம்பிச்சேன். அவன் எப்பவும் "யெஸ்டர்டே ஐ கோ டு மை கிராண்ட்மதர் ஹவுஸ்"னு எழுதுவான். தமிழ்ல யோசிச்சு எழுதறதால வர்ற தப்புன்னு நாங்க ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டு இருந்தோம். ஆனா தமிழ்ல நேத்து போறேன்னு யாரும் சொல்ல மாட்டோமே, போனேன்னுதானே சொல்வோம், வினையிலயே காலம் இருக்கே! அப்ப அது தமிழ்ல இருந்து வந்ததில்ல, இங்கிலிஷ் கத்துக்கற வழியில அவன் நிக்கற ஒரு கட்டம். பிட் கார்டர்னு ஒரு மொழியியல் அறிஞர் 1967லயே பிள்ளைங்க பண்ற தப்பு அவங்க எவ்வளவு தூரம் கத்துக்கிட்டு இருக்காங்கன்னு காட்டற அடையாளம்னு எழுதிட்டாரு. நான் நாலு வருஷமா அதுல செவப்பு மைல வட்டம் போட்டுட்டு இருந்திருக்கேன். இதத்தான் எஸ்ஓபில எழுதினேன், ஆஃபர் மெயில்ல அத குறிப்பிட்டே ஒரு வரி எழுதியிருந்தாங்க.

கோர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி டீச்சிங் ப்ராக்டிஸ் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. நெறைய எம்ஏ டீசால்ல வெறும் தியரிதான், வேலைக்குப் போனா செல்டா (இங்கிலிஷ் சொல்லிக்குடுக்க கேம்பிரிட்ஜ் குடுக்கற சர்டிஃபிகேட்) இருக்கான்னு கேப்பாங்க, அதுல நிஜ வகுப்புல ஆறு மணி நேரம் பாடம் எடுக்கறத பக்கத்துல உக்காந்து பாத்து மார்க் போடுவாங்க. ஊருக்குத் திரும்பி வந்து கவர்மென்ட் ஸ்கூல் பிஜி டீச்சர் ஆகணும்னா எம்ஏ இங்கிலிஷும் பிஎட்டும் கையில வச்சுட்டு இதுக்குப் போங்க, இத அதுக்கு பதிலா நம்பாதீங்க. எனக்கு ரெண்டும் இருக்கு, அதனால தைரியமா போறேன். எனக்கு வந்த ரெண்டு ஆஃபர்ல ப்ராக்டிஸ் இருக்கறது ஆயிரம் பவுண்டு அதிகம், அப்பாகிட்ட சொன்னேன், "பாடம் எடுக்கத்தானே போற, அதையே எடு"ன்னுட்டாரு.