வாடைக்காலத்துக் கரைக்கடல்: ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 9 (கார்த்திகை 23)

இந்த வாடைக்காலத்தில் எங்கள் கரைக்கடலின் நிலையை எழுதிவைக்க இன்று தொடங்குகிறேன். எங்கள் ஊர் பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ளது. சித்தப்பாவின் நாட்டுப்படகில் நண்டு வலையும் தங்கூசி வலையும் ஏற்றிக்கொண்டு, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்ளேயே நாங்கள் தொழில் செய்கிறோம். ஆகவே இங்கு எழுதப்படுவது ஆழ்கடலைப் பற்றியதன்று. நான்கு பாக ஆழத்துக்கு (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) உட்பட்ட நீரைப் பற்றியது.

வாடைக் காற்று ஓயாமல் அடிக்கிறது. படகுகள் எல்லாம் கரையேறிக் கிடக்கின்றன. வெளியூரில் இருக்கும் நண்பர் ஒருவர், அறிவிப்பில் சொல்லப்பட்ட காற்றின் வேகம் அவ்வளவு பெரிதில்லையே, அதற்கா தொழிலை நிறுத்துகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார். காற்றின் வேகத்தை மட்டும் வைத்து இந்தக் கடலை அளக்க முடியாது. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர்தான். வங்கக் கடலில் எழும் நீண்ட அலைகளைப் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தீபகற்பம் மறித்துவிடுகிறது. எனவே இங்கே நாங்கள் காணும் அலைகள் விரிகுடாவுக்குள்ளேயே காற்றால் பிறப்பவை. ஆழமற்ற நீரில் பிறப்பதால் அவை குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வருகின்றன. தாம்பாளத்தில் நிரப்பிய தண்ணீரைச் சற்றே அசைத்தாலும் விளிம்பு தாண்டிச் சிந்துவதைப் போன்றது இது. ஆழ்கடலில் படகு ஓர் அலையின் மேல் ஏறி இறங்குவதற்கு அவகாசம் கிடைக்கும். இங்கே முதல் அலையிலிருந்து அணியம், அதாவது படகின் முன்பகுதி, நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதிவிடுகிறது.

டிசம்பர் 12 (கார்த்திகை 26)

காலையில் காற்று தணிந்தது. சித்தப்பா போகலாம் என்றார். வலை ஏற்றாமல் தூண்டிலுடன் மட்டும் போனோம்.

நான் உடன் எடுத்துச் சென்றது ஒரு வெள்ளைத் தட்டு. அதன் நடுவே ஈயக்குண்டு கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் நீருக்குள் இறக்கி, தட்டு எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்கிறேன். இது என் கண்டுபிடிப்பன்று. 1865-ஆம் ஆண்டில் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடல்நீரின் தெளிவை இம்முறையில் ஆராய்ந்தார். அறிவியலாளர்கள் இன்றும் அந்தத் தட்டையே பயன்படுத்துகிறார்கள். நான்கு முழம் ஒரு பாகம் என்பது எங்கள் கணக்கு. இன்று கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் சேற்றுத் தரையின் மேல் தட்டு ஒரு முழத்திலேயே மறைந்தது. அங்கிருந்து சற்றுக் கிழக்கே மணல் தரையில் இரண்டு முழம் வரை தெரிந்தது. அதையும் தாண்டிக் கடற்புல் அடர்ந்த இடத்தில், ஏறத்தாழ அதே ஆழத்தில், நான்கு முழத்துக்கும் கீழே இறங்கிய பிறகே மறைந்தது.

ஒரே நாள், ஒரே காற்று. ஆனால் தரைக்குத் தரை நீர் வேறுபடுகிறது. அலை கிளப்பிய மணல் விரைவில் படிந்துவிடும். சேறு அப்படியன்று, அதன் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் நாள்கணக்கில் நீரில் தொங்கிக்கொண்டே இருக்கும். புல் இருக்கும் இடத்திலோ, இலைகள் அடிநீரின் வேகத்தைக் குறைக்கின்றன, வேர்கள் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே காற்று அடங்கும் நாள் வேறு, அலை அடங்கும் நாள் வேறு, நீர் தெளியும் நாள் வேறு. வாடைக்காலத்தில் தொழில் செய்பவர் மூன்றாவது நாளைத்தான் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தூண்டிலில் கெளுத்தி மட்டுமே ஏறியது. கலங்கலில் அது இயல்பு. இரையைக் கண்ணால் தேடும் மீன் தூண்டிலை நெருங்காது, மீசையால் தடவித் தேடும் மீன் நெருங்கும்.

டிசம்பர் 16 (மார்கழி 1)

மீண்டும் வாடை. மழையும் சேர்ந்துகொண்டது. வலை பொத்தும் வேலை மட்டும் நடந்தது.

டிசம்பர் 20 (மார்கழி 5)

நேற்று அமாவாசை. இந்த விரிகுடாவில் நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் ஒரு மீட்டரை எட்டாது. ஆனால் வாடைக்காலத்தில் அந்தக் கணக்கின் மேல் காற்றின் கணக்கு ஏறிக்கொள்கிறது. வடகிழக்கிலிருந்து தொடர்ந்து வீசும் காற்று நீரை மேற்குக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. தமிழகக் கிழக்குக் கரையில் கடல்மட்டம் ஆண்டிலேயே உயர்ந்து நிற்பதும் ஏறத்தாழ இந்தப் பருவத்தில்தான். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் நேற்று நீர் அலையாத்திக் காட்டுக்குள் நெடுந்தூரம் ஏறி, வழக்கமாக வறண்டு கிடக்கும் உவர்த்திடலையும் நனைத்தது.

இப்படி நீர் ஏறி, பின்னர் வற்றத் தொடங்கும் நேரமே ஓடை வாயில் வலை வைக்க உகந்தது. மழைநீரால் ஓடைக்குள் உப்பு குறைந்ததும் இறால் கடலை நோக்கி இறங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் மடவையும் உள்நீரிலிருந்து கடலுக்குப் புறப்படுகிறது. இவற்றைத் தின்னக் கொடுவா ஓடை வாயில் காத்திருக்கிறது. இன்று விடியற்காலையில் வற்று தொடங்கியபோது இட்ட வலையில் வெள்ளை இறாலும் மடவையும் நல்ல பாடாக (மீன்வரத்தாக) கிடைத்தன. கடலுக்குப் போக முடியவில்லையே என்று பேசிக்கொண்டிருந்த வேளையில், முழங்கால் நீரிலேயே இவ்வளவு கிடைத்தது மிகுந்த நிறைவைத் தந்தது. சினை கனத்திருந்த மடவைகளை வலையில் உயிரோடு கண்டவரை எடுத்து விட்டுவிட்டோம். சித்தப்பா இதை என் சிறுவயதிலிருந்தே செய்து வருகிறார்.

டிசம்பர் 23 (மார்கழி 8)

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவில் வீசத் தொடங்கி மறுநாள் விடியும் முன் தனுஷ்கோடியை அழித்த புயலை இந்தக் கரையில் எவரும் மறப்பதில்லை; பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் அந்த இரவில்தான் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. வாடைக்காலத்தின் பிற்பகுதியில் புயல் வராது என்று இளைஞர்கள் சிலர் சொல்லும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2018-இல் கஜா நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து வந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது.

புயல் சின்னம் எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் நின்றே ஓரளவு ஊகிக்கலாம். நம் பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. சின்னம் எங்களுக்குத் தெற்கே இருந்தால் காற்று கிழக்கிலிருந்து, அதாவது கொண்டலாக வந்து, நீரைக் கரைமேல் ஏற்றும். வடகிழக்கே இருந்தால் காற்று வடமேற்கிலிருந்து வீசி, நீரைக் கரையிலிருந்து விலக்கும். அப்போது கடல் உள்வாங்கிப் படகுகள் சேற்றில் சாய்ந்து நிற்கும். மக்கள் வேடிக்கை பார்க்க இறங்குவார்கள். இறங்கக் கூடாது, சின்னம் நகர்ந்து காற்றின் திசை மாறியதும் விலகிய நீர் திரும்பி வரும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண்ணையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் தொலைவில் உள்ள சின்னத்தைக் குறிப்பவை. மூன்றாம் எண் ஏறினால் ஆபத்து அந்தத் துறைமுகத்தையே நெருங்கக்கூடும் என்று பொருள். அதன்பின் வலையை எடுக்கக்கூடக் கடலில் இறங்கக் கூடாது.

டிசம்பர் 28 (மார்கழி 13)

இரண்டு நாள்களாகக் காற்று மிதமாகவே இருந்தது. இன்று தட்டை இறக்கியபோது மணல் தரையின் மேல் ஐந்து முழம் தெரிந்தது. ஆனால் புல்வெளியின் வடக்கு ஓரத்தில், கடந்த ஆண்டு வரை அடர்ந்திருந்த ஓரிடத்தில், இரண்டு முழத்திலேயே மறைந்தது. இறங்கிக் கால் வைத்துப் பார்த்தேன். புல் இல்லை, உழுததைப் போன்ற நீண்ட தடங்களும் இளகிய சேறும் இருந்தன. இழுவை மடி, அதாவது விசைப்படகு கடல்தரையோடு இழுத்துச் செல்லும் வலை, போன தடம் அது.

பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது; நேற்று சனிக்கிழமை, விசைப்படகுகளின் நாள். கரையை ஒட்டிய கடலில் இழுவை மடி போடக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த விதி. அமைதியான கடலில் எல்லையை மதிப்பவர்கள்கூட வாடையில் வெளிக்கடல் கொந்தளிக்கும்போது கரையை ஒட்டி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் கடன் உண்டு, டீசல் விலை உண்டு. அதை நான் அறிவேன். ஆயினும் ஒரு வீச்சில் வாரிய சங்காயம் (மடியில் சேர்ந்து சிக்கும் கழிவு மீன்) கருவாட்டுக் களத்துக்குப் போய்விடும். கிழிந்த புல் திரும்ப முளைக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தத் தரை, ஒவ்வொரு வாடைக்கும் மற்ற இடங்களை விட முன்னதாகக் கலங்கி, பின்னதாகவே தெளியும். கலங்கிய நீரில் வெயில் இறங்காததால் பக்கத்துப் புல்லும் மெலியும். இந்தக் கேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது என்பதாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓரா மீனுக்கு அந்தப் புல்வெளி மேய்ச்சல் நிலம், நண்டுக் குஞ்சுக்கு மறைவிடம், கடற்பசுவுக்கு உணவு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது; நாட்டிலேயே அதுதான் முதலாவது. எங்கள் கரை அந்த எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. புல் எல்லை பார்த்து வளர்வதில்லை. தெற்கிலும் அது காக்கப்பட வேண்டும்.

ஜனவரி 3 (மார்கழி 19)

பௌர்ணமி. நீர் சற்றுத் தெளிந்திருப்பதாலும் நிலவொளி இருப்பதாலும் வலை மீனுக்குத் தெரிந்துவிடுகிறது. பாடு குறைவு. தேய்பிறைக்குக் காத்திருக்கிறோம்.

ஜனவரி 7 (மார்கழி 23)

பாம்பனில் உள்ள மாமா வீட்டுக்குச் சென்றிருந்தேன். சாலைப் பாலத்தின் மேல் நின்று இருபுறமும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பருவத்தின் இயல்பு உடனே விளங்கும். வடக்கே பாக் விரிகுடா, சேறு கலந்த வெளிர்பச்சையில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா, இராமேசுவரத் தீவே மறைப்பாக நிற்பதால் அலையடங்கி நீலமாகக் கிடக்கிறது. கால்வாயின் வழியே நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கிறது. கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் பருவத்தில், இது அப்படியே மறுதலையாகும்.

தீவில் இருப்பவர்கள் வடகடல், தென்கடல் என்று சொல்லி, பருவத்துக்கு ஏற்பப் படகை மாற்றிக்கொள்கிறார்கள். மாமாவின் படகு ஐப்பசியிலேயே தென்கடலுக்குப் போய்விட்டது. அங்கே இப்போது ஊசிக் கணவாயும் விளமீனும் தூண்டிலில் ஏறுகின்றன. எங்களுக்கு அந்த மாற்றுக் கடல் இல்லை. இந்த ஒரு கடலைத்தான் அதன் எல்லா நிலைகளிலும் படித்தாக வேண்டும்.

மாமாவின் மகன் குளிர்நாடு ஒன்றில் வேலை செய்கிறான். அங்குள்ள விரிகுடாக்களில் நீர் குளிர்ந்ததும் மீன் ஆழமான பள்ளங்களுக்குப் போய் ஒடுங்கிவிடும் என்றும், நண்பகல் வெயிலுக்குப் பின்னரே இரை எடுக்கும் என்றும் சொன்னான். இங்கே மார்கழியிலும் கடல்நீர் ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்குக் கீழே போவது அரிது. சித்திரையில் 30 பாகையை எட்டும். எனவே எங்கள் மீனை இடம் மாற்றுவது பெரும்பாலும் குளிர் அன்று. கலங்கலும் உப்புக் குறைவும் நீரோட்டமுமே.

ஜனவரி 13 (மார்கழி 29)

காலையில் மூடுபனி. கடலில் சிறு சலனமும் இல்லை. நேற்று மாலை மூன்று பாகத்தில் இட்ட நண்டு வலையை எடுக்கப் போனபோது, மிதவையை அருகே போய்த்தான் கண்டோம். பனிமூட்டத்தில் காற்று ஆபத்தில்லை, பிற படகுகள்தாம் ஆபத்து. விளக்கையும் சங்கையும் எடுக்காமல் போகக் கூடாது.

நீலக்கால் நண்டு நிறையவே பின்னியிருந்தது. தரைநீர் இன்னும் முழுதும் தெளியாததும் இரவு இருட்டும் நண்டை நடமாட வைத்திருக்கின்றன. வெளியே சினை தெரிந்த நண்டுகளை வலையை அறுத்தாவது உயிரோடு விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கண்ணி வீணாகிறது என்று உடன் வந்த தம்பி வருந்தினான். ஒரு கண்ணியைப் பின்ன அரை நாழிகை போதும்.

ஜனவரி 19 (தை 5)

நேற்று தை அமாவாசை; நீரேற்றம் மார்கழி அமாவாசையின் அளவுக்கு வரவில்லை. காற்று குறைந்துவிட்டதே காரணம். ஓடை வாயில் இறால் பாடும் குறைந்துவிட்டது.

ஜனவரி 25 (தை 11)

காற்று காலையில் வாடையாகவும் பிற்பகலில் கொண்டலாகவும் மென்மையாக வீசுகிறது. தட்டு சேற்றுத் தரையின் மேல் மூன்று முழம். மணலின் மேல் ஏழு முழம். புல்வெளியின் நடுவே இரண்டு பாகத்தில் தரையைத் தொட்ட பிறகும் தெளிவாகத் தெரிந்தது. இழுவைத் தடம் இருந்த இடத்தில் மட்டும் இன்னும் மூன்று முழம்தான்.

புல்வெளி ஓரத்தில் தூண்டிலுக்கு விளமீனும், மணலில் கிழங்கானும் வரத் தொடங்கியிருக்கின்றன. கடற்காகங்கள் கூட்டமாக விழும் இடத்தில் சூடை ஓடுகிறது. நாளை முதல் ஓடை வலைகளைக் கழுவிக் காயவைத்துவிட்டு, சூடை வலையை இறக்குகிறோம். இழுவைத் தடத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் மிதவை கட்டி, கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்வைத்து அதன் தூரத்தையும் திசையையும் குறித்திருக்கிறேன். ஊர்க் கூட்டத்தில் தட்டு அளவுகளோடு இதை வைத்து, அந்த இடத்தில் எங்கள் வலைகளும் கொஞ்ச காலம் இறங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.