எங்கே நின்று பார்த்தாய்?

ஊருக்குப் போகும்போது கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் என் விரல்கள் தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடும். தஞ்சாவூர், தேமாங்காய். குடவாசல், புளிமாங்காய். கண்டக்டர் "மாயவரம், மாயவரம்" என்று கூவினால் அது கூவிளங்காய். எல்லாம் செய்யுளில் வரும் சீர்களின் வாய்பாட்டுப் பெயர்கள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இந்தப் பழக்கம் விடவில்லை. எண்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு அசை பிரிக்கக் கற்றுக்கொடுத்தது பெஞ்சுப் பலகை.

தனிக் குறிலோ தனி நெடிலோ ஆன நேரசைக்கு ஒரு தட்டு, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்த நிரையசைக்கு ஒட்டினாற்போல் இரண்டு தட்டு என்று தமிழய்யா வைத்திருந்தார். "தஞ்-சா-வூர்" என்றால் நிறுத்தி நிறுத்தி மூன்று தட்டு, மூன்றும் நேர். "குட-வா-சல்" என்றால் முதலில் தடதட, பிறகு தட், தட். குறில் இணைந்தால் என்ன, குறிலும் நெடிலும் சேர்ந்தால் என்ன என்று விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் அப்புறம்தான். காது முதலில் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் இரண்டு மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு சத்தம்.

மன்னார்குடியிலிருந்து வந்து சேர்ந்த பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவன் ஊரைத் தட்டிப் பார்த்தால் நேர், நேர், நிரை. தேமாங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை என்று ஐயா சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "எங்க ஊரு வெண்பாவுக்குள்ளயே வராதாங்கய்யா?" என்று கேட்டான். ஐயா அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. "மன்னார்" என்று ஒரு சீர், "குடியிலே" என்று அடுத்த சீர், இப்படிப் பலகையில் உடைத்து எழுதினார். தேமா, கருவிளம். மா முன் நிரை, தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள இணைப்பு) தட்டவில்லை. "இந்தா, உன் ஊரு உள்ளே வந்துட்டுது. சீருக்காகச் சொல்லை உடைக்கிறதுக்கு வகையுளின்னு பேரு" என்றார். அந்த ஒரு பையனுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் வகையுளி படித்தோம்.

யாப்பு ஒரு மாதத்தில் ஓரளவு பிடிபட்டுவிட்டது. கணக்கு மாதிரிதான் அது, போட்டுப் போட்டுப் பார்த்தால் வந்துவிடும். எழுதுவது அப்படி வரவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை ஐயா எங்களை அரசலாற்றங்கரைக்கு அழைத்துப் போனார். கரையில் மருத மரங்கள், பட்டை வெளுத்து, கை வைத்தால் வழவழவென்று இருக்கும். திருவிடைமருதூருக்குப் பெயர் கொடுத்த மரம், நம் வயல்காட்டுக்கே திணைப்பெயராக நிற்கும் மரம் என்று போகிற வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று எங்களுக்கு இரண்டு சொல்லுக்குத் தடை போட்டார். "போல" கூடாது. "அழகான" கூடாது. கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும், பிறகு பத்து வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் மூன்றாவது வரியாக "வானம் நீலமாக இருந்தது" என்று எழுதியிருந்தேன். பின்னால் நின்று படித்த ஐயா, "மேலே பாரு" என்றார். பார்த்தேன். நீலமே இல்லை. வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மேற்கே மட்டும் மழைக்கு முன்னால் வரும் மங்கல்.

"அப்ப நீ யாரோட வானத்தை எழுதியிருக்கே?"

அந்தக் கேள்வி எனக்கு இன்றுவரை உதவுகிறது. எதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தாலும், யாரோ எழுதி வைத்த வானம் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அன்று எழுதிய ஒரு வரியும் நினைவில் இருக்கிறது. எதிரே சம்பா நடவு. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஒரு அம்மாள் நடந்து போனார். "அந்த அம்மாளின் ரவிக்கை இடது தோளில் மட்டும் நனைந்திருந்தது" என்று எழுதியிருந்தான். "இடது தோளில் மட்டும்" என்ற இடத்தில் ஐயா சிவப்பு மையால் கோடு போட்டார். தப்புக்குத்தான் சிவப்பு என்று நினைத்து அவன் பயந்துவிட்டான். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்த நாலு அங்குலத்தை நீ நிஜமாவே பார்த்திருக்கே" என்றார் ஐயா. கட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வேரில் இருந்த நீர் அந்தப் பக்கமாகச் சொட்டியது, தூக்கி வந்த தூரம் எல்லாமே அந்த ஈரத்தில் இருந்தது. அதற்கு அணி எதுவும் தேவைப்படவில்லை.

அணி இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்து, தடை நீங்கிய அன்று, ஐயா அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பொருளணிகள் 35. "முதல் அணி எதுன்னு நினைக்கிறீங்க?" என்றார். வகுப்பே "உவமை" என்று கத்தியது. உவமை இரண்டாவது. முதலில் நிற்பது தன்மை. ஒரு பொருளின் இயல்பை உள்ளது உள்ளபடி, கேட்பவர் மனசில் படும்படி சொல்வது. அந்த மூன்று வாரமும் நாங்கள் செய்துகொண்டிருந்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த வரிசையை நான் மிகவும் நம்புகிறேன். பெரும்பாலான வகுப்புகளில் உவமையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மலர் போன்ற முகம், வேல் போன்ற கண் என்று பிள்ளைகள் கைக்கு எட்டியதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். முகத்தையும் பார்ப்பதில்லை, மலரையும் பார்ப்பதில்லை. பார்க்கப் பழகிய பிள்ளைக்கு உவமை தேட வேண்டியிருக்காது, அது தானாக வந்து நிற்கும்.

எதுகை, மோனைக்கு அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் விவசாயப் பழமொழிகளில் ஐந்து கொண்டு வரச் சொன்னார். "ஆடிப்பட்டம் தேடி விதை" இல்லாத நோட்டே இல்லை. ஆடி, தேடி, இரண்டாம் எழுத்து ஒன்று, அது எதுகை. முதல் எழுத்து இரண்டிலும் நெடில், ஆகவே அளவும் சரி. ஆடிக்கு "தடி" எதுகை ஆகாது, ஏனென்றால் அங்கே முதல் எழுத்து குறுகிவிட்டது. "அகல உழுவதை ஆழ உழு" என்பதில் அகலமும் ஆழமும் முதலெழுத்தில் மோனை, பொருளில் முரண். ஒரே ஏரில் இரண்டு சால்.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கைநாட்டு. நடவுக்குப் போனால் முதல் குரல் எடுத்துப் பாடுவது அவள்தான், மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். அவள் வாயிலிருந்து வந்ததில் எது எதுகை, எது மோனை என்று கோடு போட்டதைப் படித்துக் காட்டியதும், அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "இதுக்கெல்லாமா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தப் பெயர்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோனை என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருஷம், பத்தாம் வகுப்பில், தண்ணீர் தாமதமானது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அது தவறினால் குறுவை, அதாவது குறுகிய காலப் பருவ நெல், தவறும். திறந்த தண்ணீரும் உடனே வந்துவிடாது. கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, ஆறுகள் கிளைத்து, வாய்க்கால்கள் கிளைத்து எங்கள் வயல் ஓரத்துக்கு வர நாள் பிடிக்கும். அந்த முறை ஆடி பிறந்தும் வாய்க்காலில் புழுதிதான். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் "தண்ணி வருதுடோய்" என்ற குரல் கேட்டு ஊரே மதகுக்கு ஓடியது. நானும் ஓடினேன்.

ராத்திரியே உட்கார்ந்து ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

வாய்க்கால் வழியெல்லாம் வந்ததுகாண் காவிரிநீர்
தாய்ப்பாலே போலத் தழைத்து.

தட்டிப் பாருங்கள், எங்கும் தளை தட்டாது. வாய், தாய் எதுகை. ஈற்றுச்சீர், வெண்பா முடிவதற்கு உரிய வாய்பாடுகளில் ஒன்றான "பிறப்பு". காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐயாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இந்தக் 'காண்' எதுக்கு வந்தது?"

"சீர் நிரம்பலைங்கய்யா."

"பால் தழைக்குமா?"

நான் பேசவில்லை.

"சரி, நேத்து எங்கே நின்னு பார்த்தே? எத்தனை மணி இருக்கும்?"

இது அவர் எல்லாக் கவிதைக்கும் கேட்கும் கேள்வி. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும்தான், அதைத்தான் நான் கேட்கிறேன் என்பார்.

"மதகுக்குக் கீழே, வாய்க்கால் கரையிலங்கய்யா. ஆறு, ஆறரை இருக்கும்."

"பாலாவா வந்துது?"

இல்லை. செந்நிறமாக வந்தது. முன்னால் சருகும் வைக்கோல் துரும்பும் நுரையும் தள்ளிக்கொண்டு வந்தது. துரும்பின் மேல் எறும்புகள் இருந்தன. ஓடி வரும் என்று நினைத்தேன், ஓடவில்லை. வாய்க்கால் தரையில் ஒரு வெடிப்பு வந்தால் நின்றுவிடும். உள்ளே இறங்கும், குமிழ் விடும், வெடிப்பு நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி வைக்கும். அடுத்த வெடிப்பில் மறுபடி நிற்கும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "நின்னு நின்னு வந்துதுங்கய்யா" என்றேன்.

"ஏன் நின்னுது?"

"வெடிப்பு ரொம்பணும்லங்கய்யா."

"அது காரணம். பார்த்துக்கிட்டு நின்ன உனக்கு என்ன தோணிச்சு?"

எனக்குத் தோன்றியது ஒன்று இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த பெரியவர் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விசாரித்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. அதைச் சொன்னேன். "போய் எழுது" என்றார். இரண்டு நாள் ஆனது.

வெடிப்பெல்லாம் நின்று நலங்கேட்டு மெல்ல
நடக்கிறது வாய்க்காலில் நீர்.

"வெடிப்பிலெல்லாம்னு இருக்கணும். பரவாயில்லை, உருபு தொக்கி நிக்குது" என்றார். பிறகு பலகையில் திரும்பி ஒரு சொல் எழுதினார்: தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி என்றால் அசையத்தான் செய்யும். அதை, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து உள்ளே வராதீர்கள் என்று கை காட்டி மறிப்பதாக இளங்கோவடிகள் சொல்கிறார். பின்னால் நடக்கப்போவது தெரிந்தவர்களுக்கு அந்தக் கொடியசைவு நெஞ்சைப் பிசையும். "அவர் கொடியில ஏத்துனதைத்தான் நீ வாய்க்கால்ல ஏத்தியிருக்கே" என்றார். பதினைந்து வயதுப் பையனிடம் ஒரு ஆசிரியர் சொல்லக்கூடிய இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது. அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அவர் அந்தப் பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்த அணிக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் செய்து காட்டியிருப்பேன். மதிப்பெண்ணும் வந்திருக்கும்.

மரபில் இவ்வளவு ஊறியவர் புதுக்கவிதைக்கு எதிரியாக இருப்பார் என்று நினைத்தோம். இல்லை. புதுக்கவிதைக்கு வழி போட்டவர்களில் ஒருவரான ந. பிச்சமூர்த்தி நம் கும்பகோணத்துக்காரர் என்று அவரே சொல்லித்தான் தெரியும். தட்டு இல்லாமல் எழுதுகிறவனிடமும் அதே இரண்டு கேள்விதான்.

ஐயா இப்போது இல்லை. நான் சிங்கப்பூர் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. போன முறை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மருத மரம் இல்லை, மதகு இல்லை, வெடித்த வயலை அவர்கள் படத்தில்கூடக் கவனித்ததில்லை. பலகையில் தட்டுவதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்கள். "போல" கூடாது, "அழகான" கூடாது என்று சொல்லி, வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் பார்த்ததை எழுதச் சொன்னேன்.

மூன்றாம் வாரம் ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், இப்படி எழுதிக் கொண்டு வந்தாள்: "மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே போகிறது."

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெயரைச் சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

"எங்கே நின்னு பார்த்தேம்மா? எத்தனை மணிக்கு?"

"எங்க வீட்டு வாசல்லேருந்து அங்கிள். ராத்திரி பதினோரு மணி. அப்பா வேலையிலேருந்து இன்னும் வரலை."

"அதையும் எழுது" என்றேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.