ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுப் பேர்

நம் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோதே தெரியும், மற்றவர்கள் கிரிக்கெட்டையும் பிரம்படியையும் கன்டீன் வடையையும் எழுதுவார்கள் என்று. எழுதட்டும், நானும் ஆசையாகப் படிப்பேன். எனக்கு நம் கல்லூரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கிறிஸ்தவ பாட வகுப்புதான். அந்தப் பாடத்துக்கு நாங்கள் ஒரு கைப்பிடிப் பேர். சைவ பாடத்துக்குப் பெரிய வகுப்பறை போய்விடும். எங்களுக்கு விஞ்ஞான கூடத்தின் ஒரு மூலை. மழை இல்லாவிட்டால் மரத்தடி. இலங்கை மலையகத்து ஹட்டனில் மழை இல்லாத நாள் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் டீச்சர் வேதாகமத்தில் மத்தேயு 20ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஒரு வீட்டெஜமான் தன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க விடியற்காலையில் போகிறார். நாளுக்கு ஒரு பணம் என்று பேசி அனுப்புகிறார். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு என்று போய்ப் போய் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். அங்கே இன்னும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். சம்பள நேரத்தில் கடைசியில் வந்தவருக்கும் அதே ஒரு பணம்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. டவுன் பிள்ளைகளுக்கு அது ஒரு கதை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அது செக்ரோல் கணக்கு, அதாவது நாள் சம்பளப் பதிவேட்டுக் கணக்கு.

இங்கே டொரன்டோவில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்', அதாவது ஒரு நாள் சம்பளம். விடியவே ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குப் போய், மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளை சொல்லும் மலைக்கு ஏறி, கூடை நிறையத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டு வந்தால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்கும். கூடைக்கு இவ்வளவு, மழைத் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மீதி நிறை, அந்தக் கால ராத்தலில், சொன்ன கணக்குக்கு வராவிட்டால் அரைப் பேர்தான். காய்ச்சலோடு மலையில் நின்றவளுக்கும் அரைப் பேர்தான், கொழுந்து குறைந்த மலைக்குப் போனவளுக்கும் அரைப் பேர்தான். தராசுக்குக் காரணம் சொல்ல முடியாது.

அன்று இரவு அடுப்படியில் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிய பிறகுதான் வேதக்காரி ஆனார். ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவர் முடிவு வந்ததும் கோபப்பட்டார்.

"இது என்னா நியாயம்? வெடியக் கம்பளியப் போட்டுக்கிட்டு நான் ஓடுறேன். அஞ்சு மணிக்கு வந்தவளுக்கும் முழுப் பேரா? ஒன் டீச்சருகிட்ட கேட்டுட்டு வா."

அடுத்த வகுப்பில் கேட்டேன். கேட்டது அம்மா என்றும் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சு மணிக்கு வந்த ஆளுக்கும் வீட்டில பிள்ளை இருக்கும்தானே தம்பி? அந்தப் பிள்ளைக்கு ராத்திரி பசிக்கிறது அரைப் பசியா?" என்றார்.

இதையும் கொண்டுபோய் அம்மாவிடம் ஒப்புவித்தேன். அம்மா வெகு நேரம் பதில் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது, "அப்பிடின்னா அந்தத் தொரை புள்ளகுட்டிக்காரரா இருக்கணும்" என்றார். பிற்பாடு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இறையியல் படித்தவர்கள் நடத்திய கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். கடவுளைத் தகப்பன் என்று சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா அதை ஏன் அவ்வளவு நேரம் யோசித்தார் என்பதற்கு வேறு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கோயாவில் இருக்கும் வார்லி கிறிஸ்து ஆலயத்துக்குப் போவோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் கருங்கல் ஆலயம், 1878இல் கட்டியது. முற்றத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள். அம்மா எப்போதும் கதவோரத்து வாங்கில்தான் உட்காருவார். திருவிருந்து எடுக்கத் தகுதி தரும் திடப்படுத்தல் பெற்றவர்தான், ஆனாலும் அப்பமும் ரசமும் கொடுக்கும் அந்தத் திருவிருந்துக்கு முன்னே போகமாட்டார். ஏன் என்று கேட்டால் கையைக் காட்டுவார். கொழுந்துச் சாறு ஊறி விரல்நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். எலுமிச்சங்காய் தேய்த்தாலும் போகாது. "இந்தக் கையையா நீட்டுறது?"

கை ஒரு சாக்கு என்று இப்போது தெரிகிறது. நாங்கள் எதற்கும் தகுதியில்லை என்பது எங்களுக்கு ஊட்டி வளர்த்த பாடம். அதற்கு அரசாங்க முத்திரையும் இருந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனத்தில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மடுவத்தில் கொழுந்து பிரிப்பது மாதிரி. என் பக்கத்து மேசைக்காரன் தவணை நடுவிலேயே ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போய்விட்டான். 'அழுகைக் கோச்சி' என்று அந்த ரயிலுக்குப் பெயர். அப்படி வளர்ந்த ஒருவரிடம் "கடவுள் உன்னை ஏற்றுக்கொள்கிறார்" என்று சொன்னால், எந்த அரசாங்கக் கந்தோரில் பதியவேண்டும் என்றுதான் கேட்பார்.

ஆங்கிலிக்கன் வழிபாட்டில் திருவிருந்துக்குப் போகுமுன் சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. ஆண்டவரே, உமது மேசையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்குவதற்கும் நாங்கள் பாத்திரரல்ல என்று அதில் வரும். மத்தேயு 15இல் கானானியப் பெண் இயேசுவிடம் மல்லுக்கு நின்று பேசிய பேச்சிலிருந்து எடுத்தது. அந்த ஜெபத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருந்தது. ஏற்கெனவே குனிந்து நிற்கிறவர்களை இன்னும் குனியச் சொல்வதா? என் மனம் மாறியது ஒன்றைக் கவனித்த பிறகுதான்: அதைத் துரை வீட்டாரும் சொல்கிறார்கள், கணக்கப்பிள்ளையும் சொல்கிறார், குருவானவரும் சொல்கிறார். அந்த ஒரு இடத்தில் ஒருவருக்கும் கூடுதல் ராத்தல் இல்லை. சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் வா என்று கூப்பிட்டும் விடுகிறார்கள். கீழே விழுந்த துணிக்கையைக் கொடுப்பதில்லை, மேசையில் இருந்தே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏழையாகப் பிறந்தது பாவமில்லை என்பதும், பாவம் என்று ஒன்று துரைக்கும் எனக்கும் பொதுவாகவே இருக்கிறது என்பதும் எனக்கு அங்கேதான் பிரிந்து விளங்கின. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு அது லேசான விஷயமில்லை.

டீச்சரின் பதிலைக் கொண்டுபோய் சில வாரம் இருக்கும். திருவிருந்து நேரம் நான் எழும்பினேன். பின்னால் இருந்து ஒரு முழங்கை. "தள்ளுடா" என்று சொல்லிவிட்டு அம்மா எனக்கு முன்னால் போய் முழந்தாளிட்டார், இரண்டு கையையும் நீட்டினார். திரும்பி வரும்போது முகத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அரிசி விலையைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நம் வகுப்புத் தோழன் ஒருவன் இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான், பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். போன மாதம் இந்தக் கதை பற்றிப் பெரிய வாக்குவாதம். "அப்படிச் சம்பளம் போட்டால் அடுத்த நாள் காலையில எவன் மச்சான் வருவான்?" என்றான். நியாயமான கேள்விதான். கடை நடத்துவதற்கு அந்த அதிகாரத்தை அவன் கைநூலாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நானே சொன்னேன்.

"ஒன்றை மட்டும் பார்" என்றேன். "அந்தத் தோட்டத்தில ஒரு காரியக்காரன் இருக்கிறான். சம்பளத்தைக் கொடுக்கிறது அவன்தான். ஆள் பிடிக்கவும் அவனையே அனுப்பியிருக்கலாம். ஆனா எஜமான் தானே ஐந்து தடவை போறார். நம்ம தோட்டத்தில எந்தத் தொரை லயத்துப் பக்கம் ஆள் தேடி வந்தவர்? பின்னேரம் ஐந்து மணிக்கு வேலைக்கு ஆள் வேணும் என்று போகிறவர் உண்டா? யார் இன்னும் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருப்பார்."

அவன் ஃபோனில் வேதாகமத்தைத் திறந்து எண்ணிப் பார்த்தான். ஐந்து தடவை சரிதான் என்றான். சம்பள விஷயத்தில் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கோடைகால ஒன்றுகூடலில் தொடர்வதாக இருக்கிறோம். டீச்சரிடம் படித்தவர்கள் யாராவது வந்தால் தயவுசெய்து என் பக்கம் வந்து நிற்கவும். அவன் பக்கம் கொத்துரொட்டி இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.